குருதியில் எழுதிய மலை வரலாறு

நாட்டு வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. மக்களின் உடலும் ஒரு வரலாற்று ஏடு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னோர் எந்த மண்ணில் வாழ்ந்தனர், எந்த நோயோடு போராடினர் என்னும் செய்திகள் வழிவழியாக நம் குருதியில் எழுதப்பெற்று வந்துள்ளன. அவ்வேட்டைப் படிக்கும் திறனை மனிதன் பெற்றது அண்மைக் காலத்திலேதான். உயிரணுவையும் அதனுள் அடங்கிய மூலக்கூற்றையும் ஆராயும் அத்திறனே இன்றைய மருத்துவத்தின் ஆணிவேர். அதன் வளர்ச்சியில் நம் எல்லைப்புற மலைகளுக்கும் ஓர் இடம் உண்டு. அதனைத் தமிழன்பர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் காய்ச்சலும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடியும், அதற்கப்பால் நீலகிரியும் அமைந்துள்ளன. தெற்கே ஆனைமலைத் தொடரைக் கடந்தால் மூணாறு, தேவிகுளம், பீருமேடு என இடுக்கி மாவட்டம் விரிகின்றது. பிழைப்பு நாடி இம்மலைகளை ஏறிய தமிழ் மக்கள் புலிக்கும் யானைக்கும் அஞ்சியதைவிடக் காய்ச்சலுக்கே மிகுதியும் அஞ்சினர். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாற்றின் குறுக்கே அணை எழுப்பப்பெற்றபோது, குளிர்காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளர் பலரின் உயிரைக் கொண்டன. இன்று மதுரைச் சீமையின் வயல்களில் பாயும் அந்நீரின் பின்னே அவர்தம் உயிர்த்தியாகம் இருக்கின்றது.

அக்காய்ச்சல் மலேரியா. அது பரவும் வழியை ஆராய்ந்து வந்த ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1897-ஆம் ஆண்டில் விடுப்பில் உதகமண்டலத்திற்கு வந்தார். நீலகிரியின் சீகூர் மலைச்சரிவிற்குச் சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டபோது அவரே அக்காய்ச்சலுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை அவர் நுண்ணோக்காடியின் வாயிலாகக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

புதிதாக வந்தோர் இங்ஙனம் மடிய, தொன்றுதொட்டு மலைச்சரிவுகளிலே வாழ்ந்து வந்த இருளரும் குறும்பரும் முதுகரும் எவ்வாறு தழைத்தனர்? அவர்களும் காய்ச்சலால் துன்புற்றவரே. ஆயினும் அவர்களுள் பலருடைய குருதியில் ஒரு கவசம் இருந்தது. அக்கவசத்திற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அவ்விலை இன்னதென்று அறிய, நாம் சற்றே கடல் கடந்து செல்லல் வேண்டும்.

ஒரு மாணவரின் குருதி

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரெனடாவிலிருந்து வால்டர் கிளெமெண்ட் நோயல் என்னும் இளைஞர் பல் மருத்துவம் பயில அமெரிக்காவின் சிகாகோ நகருக்குச் சென்றார். 1904-ஆம் ஆண்டின் இறுதியில் நோய்வாய்ப்பட்டு அங்கு மருத்துவமனையில் சேர்ந்தார். எர்னெஸ்ட் அயன்ஸ் என்னும் இளம் மருத்துவர் அவருடைய குருதியை நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்தார். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்களுள் பல நீண்டு வளைந்து கதிர் அறுக்கும் அரிவாள் போலத் தோன்றின. அவர்தம் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் இச்செய்தியை வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்துத் தம் தீவுக்குத் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றி, 1916-இல் சளிச்சுரத்தால் இளமையிலேயே மறைந்தார்.

அயல்நாட்டில் நோயுற்ற ஒரு மாணவரின் குருதித் துளியிலிருந்தே இந்நோய் மருத்துவ நூல்களில் இடம்பெற்றது என்பது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்போன்றோர் உள்ளத்தைத் தொடும் செய்தியாகும்.

அரிவாள் அணுச் சோகை என்று நாம் இதனைக் கூறலாம். நல்ல சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாளாய் வளைந்த அணுவோ 10 அல்லது 20 நாளில் அழிந்துவிடும். ஆகவே குருதி வற்றுகின்றது, கண் மஞ்சளிக்கின்றது. வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது எலும்பிலும் வயிற்றிலும் மார்பிலும் பொறுக்கலாகா வலி உண்டாகின்றது. மண்ணீரல் கெடுவதால் பிற நோய்க்கிருமிகள் எளிதில் உட்புகுகின்றன. நோயின் மூலம் தெரியாதவரை ஒருவர் இதனைக் காமாலை என்பார்; மற்றொருவர் வாதம் என்பார்; வேறொருவர் வெறும் ஊட்டக்குறைவு என்று தள்ளிவிடுவார். வெளிக்குறி ஒன்றே கொண்டு நோயை ஆய்ந்தவரை மருத்துவம் இவ்விடத்தே தடுமாறியே நின்றது.

மூலக்கூற்றின் நோய்

உயிரணுவைப் பார்த்ததோடு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. அணு வளைவது எதனால் என்ற வினா எழுந்தது. பிராணவாயு குறையும்போது அணு வளைகின்றது என்றும், அது மீண்டும் கிடைக்கும்போது பெரும்பாலும் பழைய வடிவைப் பெறுகின்றது என்றும் 1927-இல் ஹான், கில்லெஸ்பி என்னும் இருவர் காட்டினர். பிராணவாயுவைச் சுமப்பது அணுவினுள் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம். ஆகவே குற்றம் அணுவின் தோற்றத்தில் இல்லை, அதனுள் இருக்கும் புரதத்தில்தான் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கிற்கு 1945-இல் உதித்தது.

அவரும் அவர் குழுவினராகிய இட்டானோ, சிங்கர், வெல்ஸ் ஆகியோரும் கலிபோர்னியாவில் இதனைச் சோதித்தனர். நோயாளியின் ஹீமோகுளோபினையும் நலமுள்ளவரின் ஹீமோகுளோபினையும் மின்னோட்டம் பாயும் கரைசலில் இட்டபோது, இரண்டும் வெவ்வேறு விரைவில் நகர்ந்தன. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குணத்தைப் பெற்றவர் குருதியிலோ இருவகையும் கலந்திருந்தன. 1949-இல் வெளிவந்த தங்கள் கட்டுரைக்கு, இது ஒரு மூலக்கூற்றின் நோய் என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். மனித நோய் ஒன்றின் காரணம் ஒரு மூலக்கூற்றில் சுட்டிக் காட்டப்பெற்றது அதுவே முதன்முறை. மருத்துவ வரலாற்றில் அவ்வாண்டு ஒரு மைல்கல் ஆகும்.

இந்நோய் வழிவழி வரும் முறையும் அதே ஆண்டில் ஜேம்ஸ் நீல் என்பவரால் தெளிவாக்கப்பட்டது. தாய், தந்தை இருவரும் இக்குணத்தின் ஒற்றைப் படியைத் தாங்குவோராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. நான்கில் இரு பங்கு பெற்றோரைப் போலத் தாங்குவோராகும் வாய்ப்பு. எஞ்சிய ஒரு பங்கு முற்றும் நீங்கிப் பிறக்கும் வாய்ப்பு. தாங்குவோர் நோயாளர் அல்லர். உழைத்து உண்டு பிறரைப் போலவே வாழ்வர். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நீலகிரியில் 1952

அந்நாளில் இந்நோய் ஆப்பிரிக்க மரபினருக்கே உரியதென்று பலர் கருதினர். அக்கருத்தை மாற்றிய இடங்களுள் நம் மலையும் ஒன்று. ஹெர்மன் லேமன் என்பார் ஜெர்மனியில் பிறந்து, நாத்சிகளின் ஆட்சியில் நாடு துறந்து இங்கிலாந்தில் குடியேறிய மருத்துவ அறிஞர். அவரும் மேரி கட்புஷ் என்னும் அம்மையாரும் நீலகிரியில் இருளர் உள்ளிட்ட மலைவாழ் மக்களின் குருதியை ஆராய்ந்து, அவர்களிடையே அரிவாள் அணுக்குணம் இருப்பதை 1952-இல் உலகிற்கு அறிவித்தனர். அதே ஆண்டில் டன்லாப், மஜும்தார் என்னும் இருவர் மேல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கச் சென்ற தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டு எழுதினர்.

1952-இல் அட்டப்பாடி எங்கிருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். அது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. நீலகிரியும் கோயம்புத்தூரும் அதே மாநிலத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, பவானியாறும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடி கேரளத்தோடு சேர்ந்தது. மலைக்கு அப்பால் நின்ற இருளர் தமிழ்நாட்டினர் ஆயினர். இப்பால் நின்றோர் கேரளத்தினர் ஆயினர். வரைபடத்தில் கோடு விழுந்தது. அவர்தம் உறவும் குருதியும் ஒன்றாகவே இருந்தன.

அக்குருதியில் இக்குணம் இத்துணை மிகுந்திருப்பது ஏன்? உயிரைக் குடிக்கும் குணம் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து மறைய வேண்டாமா? இவ்வினாவிற்கு விடை கண்டவர் கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன். ஒற்றைப் படியைத் தாங்குவோர் கொடிய மலேரியாவிற்கு எளிதில் பலியாவதில்லை என்பதை அவர் 1954-இல் எடுத்துக் காட்டினார். காய்ச்சல் மிகுந்த நாட்டில் தாங்குவோர் பிழைத்தனர். அவர்கள் வழித்தோன்றல்கள் பெருகினர். நாம் மேலே கூறிய கவசம் இதுவே. ஒற்றைப் படி காத்தது. இரட்டைப் படி கொன்றது. ஒரு பிள்ளையைக் காத்த குணமே அதன் உடன்பிறப்பை வாட்டியது.

இக்குணம் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவிற்குச் சென்றதா, அங்கிருந்து இங்கு வந்ததா என்ற வாதம் நெடுநாள் நிகழ்ந்தது. லேமனே அவ்வகை ஊகம் ஒன்றைக் கூறினார். மரபணுவையே நேரில் ஆராயும் முறை வந்தபின், இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் காணப்படும் வகை ஆப்பிரிக்க வகைகளினின்றும் வேறாகத் தோன்றியது என்பதற்கு 1986-இல் வெளியான ஆய்வு சான்று தந்தது. ஊகம் எத்துணைப் பெரியோர் கூறினும், மூலக்கூறு தரும் சான்றின் முன் தன்னைத் திருத்திக்கொள்ளுதலே அறிவியலின் பண்பு.

ஓரெழுத்துப் பிழை

ஹீமோகுளோபினில் உள்ள பிழை யாது என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார். அவர் அப்புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளைத் தாளின்மீது பரவச்செய்து ஒப்பிட்டார். ஏறத்தாழ முப்பது புள்ளிகளுள் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய ஓரிடத்தில் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருப்பதை 1957-இல் வெளியிட்டார். 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில் ஆறாவது மணி மட்டும் மாறியிருந்தது. இம்மாற்றத்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோலாகி அணுவை வளைக்கின்றன. மரபணு என்னும் நூலில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஓரெழுத்து மாறியதே இத்துன்பம் அனைத்திற்கும் காரணம்.

புரதத்தின் வடிவமே அதன் செயலை உறுதி செய்கின்றது என்னும் உண்மையை உலகம் உணர்ந்து வந்த அக்காலத்தில், தமிழகமும் வாளாவிருக்கவில்லை. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில், கோபிநாத் கர்த்தா என்பாருடன் சேர்ந்து, எலும்புக்கும் தோலுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போல் முறுக்கிய வடிவினது என்னும் கருத்தை 1954-இல் வெளியிட்டார். புரதம் எவ்வெவ்வாறு மடியக்கூடும் என்று காட்டும் அவருடைய வரைபடம் 1963-இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் மாணவர்கள் அதனை அவர் பெயராலேயே பயில்கின்றனர். கேரளத்தில் பிறந்து சென்னையில் ஒளிர்ந்த அப்பேரறிஞரை நினைந்து நாம் பெருமை கொள்ளலாம்.

அறிவு மருந்தான கதை

ஓரெழுத்தைக் கண்டறிந்ததால் நோயாளிக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உடனே விளையவில்லை என்பது உண்மையே. 1957-க்குப் பின்னும் பல்லாண்டுகள் வலிக்கு மருந்தும் குருதியேற்றலுமே பெரும்பாலும் துணையாயின. ஆயினும் விதை ஊன்றப்பட்டுவிட்டது.

முதலாவதாக, நோயை ஐயமின்றி அறியும் வழி பிறந்தது. ஒரு துளிக் குருதியைச் சோதனை நீரில் கலந்து, அது கலங்குகின்றதா என்று பார்க்கும் எளிய முறை வந்தது. கலங்கியவரின் குருதியை மின்னோட்ட முறையால் மீண்டும் ஆராய்ந்து, அவர் தாங்குவோரா நோயாளரா என்று பிரித்தறிய முடிந்தது. கருவிலுள்ள குழந்தையின் நிலையை மரபணுவைக் கொண்டே அறியும் வழியைக் கான், டோசி என்னும் இருவர் 1978-இல் காட்டினர்.

இரண்டாவதாக, குழந்தைகளைக் காக்கும் வழி தெளிந்தது. மண்ணீரல் கெட்ட குழந்தைக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்துவரின் கொடிய தொற்றுகள் பெருமளவு குறையும் என்பதை 1986-இல் வெளியான ஆய்வு நிலைநாட்டியது. எளிய மருந்தேயாயினும், பிறந்தவுடன் நோயை அறிந்தாலன்றி அதனைக் காலத்தே கொடுத்தல் இயலாது.

மூன்றாவதாக, ஒரு கூர்மையான பார்வை புதிய மருந்திற்கு வழிகோலியது. இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் முதற்சில திங்கள் நலமாகவே இருப்பதை ஜேனட் வாட்சன் என்னும் மருத்துவ அம்மையார் 1948-இல் கண்டார். தாயின் கருவில் இருக்கும்போது சுரந்த வேறுவகை ஹீமோகுளோபின் அக்குழந்தைகளைக் காக்கின்றது என்று அவர் கருதினார். அதனை மீண்டும் சுரக்கச்செய்ய இயலுமா என்ற தேடலில், ஹைட்ராக்சியூரியா என்னும் பழைய மருந்து பயன்படுவது தெரிந்தது. நோயுற்ற 299 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், வலித்தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று 1995-இல் அறிவிக்கப்பட்டது. 1998-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. அது வாயால் விழுங்கும் மருந்து. மருத்துவர் மேற்பார்வையும் அவ்வப்போது குருதிச் சோதனையும் இருப்பின் சிற்றூரிலும் கொடுக்கத்தக்கது.

நான்காவது பயன் கதை போலவே தோன்றும். கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் மரபணு ஒன்றின் செயலை விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் முதலானோர் 2008-இல் விளக்கினர். மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியை 2012-இல் ஜெனிபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பாந்தியேயும் உலகிற்கு அளித்து, 2020-இல் நோபெல் பரிசு பெற்றனர். இவ்விரண்டையும் இணைத்து, நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து தோன்றும் மூல உயிரணுக்களை எடுத்து, திருத்தி, மீண்டும் அவருக்கே செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதற்கு விதித்த விலையோ 22 இலட்சம் டாலர்!

நம் நாடும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகின்றது. குருதி உறையாமைக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, ஐந்து நோயாளரிடம் கண்ட நற்பயனை அதன் மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டனர். நோய் வேறாயினும் வழி ஒன்றே.

எல்லையும் கடமையும்

வயநாட்டு மக்களிடையே இந்நோயின் பரவலை ஆராய்ந்து பெரோஸ், அரவிந்தன் என்னும் மருத்துவர்கள் 2001-இல் கட்டுரை வெளியிட்டனர். அட்டப்பாடியின் அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் வாழும் பழங்குடி மக்களிடையேயும் இந்நோய் உண்டு. கோட்டத்துறையில் அவர்களுக்கென அரசின் சிறப்பு மருத்துவமனை இயங்குகின்றது. 2023 ஜூலை முதல் நாளன்று இந்திய அரசு அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதித்து, 2047-ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிப்பது அதன் குறிக்கோள். சோதிக்கப்பெற்றோருக்கு அவர்தம் நிலையைக் காட்டும் அட்டை வழங்குவதும் அத்திட்டத்தின் பகுதியாகும்.

அட்டை கொடுத்துவிட்டால் மட்டும் நோய் அகலாது. ஆனைகட்டிக்கு இப்பால் பிறந்த பெண், அப்பால் உள்ள உறவில் மணம் முடிப்பாள். அவள் பேறுகாலத்தில் எந்த மாநில மருத்துவமனைக்குச் செல்வாள் என்பதை வலி வரும் நேரமே முடிவு செய்யும். அங்குள்ள மருத்துவர் அவள் அட்டையைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும். அவள் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கியது, பயின்றதோ மலையாளம். இரு மொழியும் அறிந்து இரு பக்கமும் உறவு கொண்டு வாழ்வோர் யாவர்? எல்லைப்புறத் தமிழராகிய நாமே அல்லவா!

ஆகவே நம்மால் ஆகக்கூடிய பணிகள் சில உள்ளன. மலையூரிலிருந்து வரும் நோயாளிக்கு மருத்துவமனை வாயிலில் மொழித்துணையாக நிற்கலாம். குருதிக்கொடை முகாம் நடத்தும் இளைஞர்கள் இந்நோயினருக்கும் குருதி வேண்டியிருக்கும் என்பதை நினைவிற் கொள்ளலாம். நோய்க்குணத்தைத் தாங்குவோரை ஒதுக்கும் பேதைமையை நம் வீட்டிலும் தோட்டத்திலும் பள்ளியிலும் கண்டிக்கலாம். நோயுள்ள பிள்ளை நீர் நிறையப் பருகவேண்டும், குளிரில் நனையலாகாது, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பன போன்ற சிறு செய்திகளைத் தாய்மாருக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

1952-இல் நீலகிரி மக்கள் கை நீட்டிக் கொடுத்த குருதித் துளிகள் உலக அறிவை வளர்த்தன. அவற்றைப் போன்ற பல்லாயிரம் துளிகளிலிருந்தே இன்றைய சோதனைகளும் மருந்துகளும் பிறந்தன. கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே மலையில் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு குழந்தை காலத்தே அறியப்படாமல் வலியில் துடிக்குமாயின், அஃது அறிவின் குறையன்று. அவ்வறிவைக் கொண்டு சேர்க்க வேண்டியவர்களின் குறையே ஆகும். மலையிலிருந்து பெற்றதை மலைக்கே மருந்தாகத் திருப்பிக் கொடுத்தல் நாகரிக மக்களின் கடன். அக்கடனில் நமக்குரிய பங்கைச் செலுத்த, இவ்வாண்டு விழா நாளில் சங்கத்து அன்பர்கள் உறுதி பூணுவார்களாக. மலைமக்கள் நலம் பெற்று நீடு வாழ்க!